கீழே தேதி இல்லாத படங்கள்

படம் விற்கிற தொழிலில் படத்தால் வருகிற தலைவலி கொஞ்சம், பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்வியால் வருகிற தலைவலிதான் அதிகம். கடை வைத்திருக்கிற உங்களில் பலருக்கு இது புரியும். நாற்பது சேலையை விரித்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு "பெறகு வாரேன்" என்று நழுவுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், நீங்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள். சேலை எதுக்கு, பானை எதுக்கு என்று உங்களிடம் யாரும் கேட்டதில்லை.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பதினாறு வருஷம் காலண்டர்ப் பிரிவில் இருந்தவள். சாமி படம், குழந்தை படம், அருவிப் படம் எல்லாம் வரைந்து கொண்டுவரும் ஓவியர்களிடம் படம் வாங்குவேன். ஆடிப் பெருக்குக்கு மாதிரிப் படங்களை ஆல்பமாகப் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிப்பேன். அந்த ஓவியர்களில் சிலர் சாமி படத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, தங்களுக்கென்று வரைந்த ஒன்றை விரித்துக் காட்டுவார்கள். "இதை யாரு மேடம் வாங்கப் போறாக" என்று அவர்களே சொல்லிச் சுருட்டியும் விடுவார்கள். அது எனக்கு ஆறவே இல்லை. விருதுநகரில் அண்ணனுக்குச் சும்மா கிடந்த, மிளகாய் வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, ஓவியக் கூடமாக்கி, அந்தப் படங்களை மாட்டி விற்க உட்கார்ந்தேன். வேலையையும் விட்டாச்சு. புத்தி சொன்னவர்களோடு சண்டையும் போட்டாச்சு.

தூக்கிப் போடுவது எப்படி

திறந்த வாரம் முதல் ஆளாக வந்தவர் பக்கத்துத் தெருப் பருப்பு மண்டிக்காரர். வறண்ட கண்மாய் ஒன்றின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெறும் களிமண் வெடிப்பு, ஓரத்தில் ஒரு ஒற்றைச் செருப்பு. எனக்கு மிகவும் பிடித்த படம். அவர் சட்டத்தின் கீழ்விளிம்பைத் தூக்கிப் பார்த்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தேதி எங்கனம்மா?" என்றார்.

இது காலண்டர் இல்லை, படம் மட்டும்தான் என்றேன். "சரி, கீழ கம்பெனி பேரு போடவாச்சும் எடம் விட்டிருக்கணும்ல?" என்றார். பேரும் கிடையாது, தேதியும் கிடையாது, சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்குப் பழக்கம் இல்லாத சமாச்சாரம், அதனால் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. கை நீட்டிக் கடன் கேட்கிறவளைப் பார்ப்பதுபோல என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப டிசம்பர் முடிஞ்சா இதை என்னன்னு சொல்லித் தூக்கிப் போடுறதும்மா?"

கண்ணீர் விட்ட ரசிகர்

ஆலங்குளம் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒருநாள் வந்தார். சுண்ணாம்புக்கல் குவாரிப் படம் ஒன்றின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வடிகிறது. ஒரு மனுஷனை அழ வைத்துவிட்டதே ஒரு படம், இதற்குத்தானே வேலையை விட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன், செம்பில் தண்ணீர் கொடுத்தேன், பக்கத்திலேயே நின்றேன்.

அவர் தண்ணீரைக் குடித்து, துண்டால் முகம் துடைத்து, நாலு தும்மல் தும்மினார்.

"வத்தல் நெடி இன்னும் போகலையேம்மா. எப்படித்தேன் இதுக்குள்ள உக்காந்திருக்கீக?"

சுவரில் எழுதியது

குருசாமி, சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி என்கிற ஊர்க்காரர். பட்டாசுக் கம்பெனிச் சுவர்களில் எழுத்து எழுதுகிறவர். அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும் அறை எண், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம் என்று பெயின்டால் எழுதியிருக்கும். அதை எழுதுகிற கை. மூன்றடி உயரப் படம் ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவிழ்த்துச் சுவரில் சாத்தினார். ஒரு பெண் அறை வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்திருக்கிறாள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் அப்பி, வெள்ளி வார்த்த மாதிரி மின்னுகிறது. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, வேலைக்கு நடுவில் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்போமே, அந்தப் பார்வை. அவருடைய மனைவி மாரீஸ்வரி. இரண்டு வருஷம் முன்னால் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் போய்விட்டாள். அவள் தனியாக எடுத்த போட்டோ கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது ஒன்றுதான். அதைப் பார்த்து எட்டு மாசமாக வரைந்திருக்கிறார்.

"வெலை நீங்க என்ன போட்டாலும் சரிக்கா," என்றார். "ஒண்ணே ஒண்ணு. ஆளுக வந்து போற வீட்ல, செவத்துல இருக்கணும். அன்னைக்கு அவளை மூடித்தேன் கொண்டாந்தாக. மூஞ்சிய யாருக்கும் காட்டல, எனக்கும் காட்டல. இதையாச்சும் ஆளுக பாக்கட்டும்." என் பொறுப்பு குருசாமி, மூலையில் முடங்குகிற இடத்துக்கு இதைக் கொடுக்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் கேட்காமலே கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இந்த வாய்க்குக் கொஞ்சம் பூட்டு இருந்திருக்கலாம். அன்றைக்கு அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் சும்மா இருக்காமல் கேட்டு வைத்தேன்.

"ஏழு பேரு. நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வாசல்ல எழுதுனது நாந்தேன்க்கா."

ஒரு சின்னத் திருத்தம்

புது வீடு கட்டுகிற அம்மா ஒருவர், ஹால் சுவரின் அளவை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். நல்ல வியாபாரக் குடும்பம், நல்ல மனுஷி. கூடம் முழுக்கச் சுற்றி வந்து மாரீஸ்வரி முன்னால் நின்றுவிட்டார். "மூஞ்சி எம்புட்டு லட்சணமா இருக்கு. கையில என்னதும்மா, வெள்ளிக் கவசமா?" என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. முழுக்கச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "எங்க வீட்லயும் அந்தத் தொழில்தேன்ம்மா. காலையில எந்திரிச்சு இவ முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார். உண்மையைத்தான் சொன்னார், எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. வாசல் வரைக்கும் போனவர் மனசு கேட்காமல் திரும்பி வந்தார். தீர்வு கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"கையில மட்டும் மருதாணி வச்சிரச் சொல்லுங்க. நான் இன்னைக்கே எடுத்துக்கிடுதேன்."

தொடாதீர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகருக்குக் கல்யாணத்துக்கு வந்த ஐந்து பெண்கள், அப்படியே கூடத்துக்கும் வந்தார்கள். எல்லோரும் மாரீஸ்வரியோடு வேலை பார்த்தவர்கள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் தாம்பூலப் பை. படத்துக்கு முன்னால் போய் வரிசையாக நின்றார்கள். "மத்தியானம் சோத்தைக் கரண்டியாலதேன் திம்பா," என்றாள் ஒருத்தி. "எண்ணெய் போட்டு, அரப்புப் போட்டு எம்புட்டுத் தேச்சாலும் பவுடரு போக மாட்டேங்குன்னு புலம்புவா."

இன்னொருத்தி தன் கையை நீட்டி, படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 'படங்களைத் தொடாதீர்கள்' என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தேன், அதையும் குருசாமிதான் எழுதிக் கொடுத்தார். அதட்ட வாயெடுத்தேன். எப்படியோ அடக்கிக்கொண்டேன். அவள் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பல வருஷமாகப் படம் பார்த்து, படம் வாங்கி, படம் விற்ற என் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றை ஒரு நிமிஷத்தில் சொன்னாள்.

"சாயங்காலம் ஆயிட்டா இம்புட்டு மினுக்கு இருக்காதுக்கா. வேர்வை பட்டுக் கறுத்துரும்."

கேள்வி கேட்காத மனுஷன்

பத்து மாசம் அந்தப் படம் மாட்டிய இடத்திலேயே இருந்தது. பங்குனியில் ஒரு பட்டாசுக் கம்பெனி மேனேஜர் வந்தார். ஐம்பது வயசு, நெற்றியில் சந்தனம், பையில் இரண்டு பேனா. மாரீஸ்வரி முன்னால் கால்மணி நேரம் நின்றார். தேதி எங்கே என்று கேட்கவில்லை. தும்மவில்லை. மருதாணி வைக்கச் சொல்லவில்லை. எனக்கு அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. அந்த விபத்து நடந்தது உங்கள் கம்பெனியிலா என்று மட்டும் கேட்டேன். இல்லை, அது வேறு கம்பெனி. குருசாமியின் நிபந்தனையைச் சொன்னேன். "முதலாளி வீட்டு ஹாலுக்குத்தாம்மா. ஆளு வராத நாள் கிடையாது," என்றார். வேறென்ன வேண்டும்? விற்ற படத்துக்கு அடையாளமாக ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்துச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டினேன்.

உட்கார்ந்து ரசீது எழுதினேன். அச்சகத்தில் இருந்த காலத்தில் ஓவியர்களிடம் படம் வாங்கும்போது ரசீதின் அடியில் ஒரு வரி எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குவோம். 'படமும், அதை அச்சிட்டு உபயோகிக்கும் சகல உரிமையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.' காலண்டர் தொழிலில் அந்த வரி இல்லாத ரசீது ரசீதே இல்லை. பதினாறு வருஷம் எழுதிய கை, அன்றைக்கும் தன் பாட்டுக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டது. அதற்கு முன்னால் விற்ற ஐந்தாறு படங்களுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். வாங்கியவர்கள் யாரும் அச்சடிக்கிற ஆட்கள் இல்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் ரசீதை இரண்டு தடவை வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அச்சக லைன்ல இருந்தவுக லைன்ல இருந்தவுகதாம்மா. எல்லாம் முறையா எழுதியிருக்கீக."

போனில்

அவர் படியிறங்குவதற்குள் குருசாமிக்குப் போன் போட்டேன். பெரிய வீடு, பெரிய ஹால், தினம் ஆள் வருகிற இடம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஃபேன் இருக்கும்லக்கா? தீப்பொறி வரும்னு அவ வேலை பாத்த அறையில கரண்டே கிடையாது."

பரிசுப் பெட்டி

ஐப்பசியில், தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், அண்ணன் வீட்டில் மதினியும் நானும் பட்டாசுப் பெட்டிகளைப் பிரித்து ஆளுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம். கம்பி மத்தாப்புப் பெட்டியைக் கையில் எடுத்தேன். மேலே மாரீஸ்வரி.

முகம் அதேதான், ஆனால் பல் தெரியச் சிரிக்கிறாள். பின்னால் அறை இல்லை, வரிசையாக அகல்விளக்கு. முழங்கை வரைக்கும் இருந்த வெள்ளியைக் காணோம். பால் மாதிரி வெளுத்த கை, இரண்டிலும் அரை டஜன் தங்க வளையல், மலர்த்தி வைத்த உள்ளங்கையை மூடிப் பிடிக்க வைத்து கைக்கொரு மத்தாப்பு. கீழே கம்பெனிப் பேருக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். மதினி என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் என்னமோ கேட்டாள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே சிவகாசிக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்றேன். கத்துவதற்கென்றே போனேன். அவர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். "முதலாளி வீட்ல ஹாலுக்கு வேண்டாம்னுட்டாகம்மா. சும்மா கெடக்கேன்னு லேபிளுக்கு எடுத்தோம்," என்றார். ஃபைலில் இருந்து ரசீதை எடுத்து, கடைசி வரி எனக்கு நேராக இருக்கும்படி மேஜையில் வைத்தார். என் கையெழுத்து. எத்தனை ஓவியர்கள் என் மேஜைக்கு எதிரே இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் காப்பிதான் வாங்கிக் கொடுத்தேன், இதே வரியைத்தான் காட்டினேன். லேபிள் பிரிவில் பழைய அட்டைகளுக்கு நடுவே, பேப்பர் சுற்றி, முகம் சுவரைப் பார்க்க, படம் சாத்தியிருந்தது. ஸ்டிக்கர் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"வேணும்னா எடுத்துட்டுப் போங்கம்மா. எங்களுக்கு அதுல வேலை முடிஞ்சிருச்சு."

எம். புதுப்பட்டியில்

படத்தைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து நேரே குருசாமி வீட்டுக்குப் போனேன். தீபாவளிக்குக் கம்பெனிகளில் ஆபீஸ் தவிர எல்லாம் பூட்டிவிட்டதால் வீட்டில்தான் இருந்தார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வீண். அலமாரியில் அந்தப் பெட்டிகள் ஐந்து வரிசையாக இருந்தன. கூட வேலை பார்த்த பெண்கள் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒன்றையும் யாரும் பிரிக்கவில்லை.

நான்தான் எழுதிக் கொடுத்தேன் குருசாமி, என் கையால் எழுதிக் கொடுத்தேன், எனக்கு உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்று சொன்னேன். அழுதேன். வக்கீலைப் பார்ப்போம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். அவர் எழுதிப் பிழைக்கிற சுவர்களெல்லாம் இந்தக் கம்பெனிகளின் சுவர்கள்தானே. படத்தை வாங்கி நிமிர்த்தி வைத்தார், பொட்டை மட்டும் நகத்தால் பிய்த்து எடுத்தார். "இங்கன வச்சா நான் மட்டுந்தேன் பாக்கணும். நீங்களே கொண்டுபோயி மாட்டுங்க. விக்க வேணாம்," என்றார்.

பிறகு அலமாரியில் இருந்து ஒரு பெட்டியை எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அந்த வெளுத்த கையைக் கட்டைவிரலால் தேய்த்தார். திரும்பவும் தேய்த்தார். என்மேல் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அது அவர் குரலில் இல்லை.

"உசுரோட இருக்கையில எம்புட்டுத் தேச்சாலும் போகல. எப்படியோ கழுவி விட்டுட்டாகளேக்கா."

*

இப்போதெல்லாம் யாராவது வந்து மாரீஸ்வரி படத்தின் கீழ்விளிம்பைத் தூக்கி "தேதி எங்கன?" என்று கேட்டால், கேள்வி கேட்காத மனுஷனிடம் பட்டவள் ஆச்சே, அந்த நல்ல மனுஷருக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறேன்.